பினாயில் மணக்காத வீடு

1

போகியன்று பகலில் எங்கள் வீட்டுக் கதவில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். இங்கே நகரசபைக்காரர் கதவில் வட்டம் போட்டால், 'இந்த வீடு சுத்தமாக இல்லை, மறுபடி வந்து பார்க்க வேண்டும்' என்று பொருள். மாடிப்படி ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

போகியன்று! ஊரிலிருந்து இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஒரு பெண்ணின் வீடு பளிச்சென்று இருக்குமானால் அது அன்றுதான். விடியுமுன் எழுந்து பரண் சாமானெல்லாம் இறக்கி, பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி, பாயைத் தட்டி, ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அப்போதுதான் இடுப்பை நிமிர்த்தினேன். பலகைத் தரையில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

எங்கள் வீடு ரங்கூனில் லான்மடா என்ற பேட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கீழே நாகூர்க்காரர் ஒருவரின் ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னால் அவர் குடும்பம். அவர்களுக்கு நேர் மேலே நாங்கள். எங்களுக்கு எதிர்க்கதவு டோ சீன் என்ற பர்மிய அம்மாளுடையது.

இன்ஸ்பெக்டர் நம்மவர்தாம். மதராஸிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆனால் என்னிடம் இங்கிலீஷில் ஆரம்பித்தார். நான் இங்கிலீஷிலேயே பதில் சொன்னதும் தமிழுக்கு மாறிவிட்டார். கூட, சாக்குக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு ஒரு பர்மியச் சிப்பந்தி.

"வீடு க்ளீன் பண்ணலையாம்மா?"

"இன்னைக்குப் போகிங்க. காலையிலேருந்து அதுதான் வேலை."

"அப்போ வாசனையே இல்லையே?"

"என்ன வாசனைங்க?"

"பினாயில் வாசனைம்மா. பினாயில் போடறதில்லையா?"

கைக்குழந்தை தவழ்கிறான், அதனால் போடுவதில்லை, எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரால் துடைக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் தப்புக் கணக்குப் போட்ட பெண்ணைப் பார்த்து வாத்தியார் சிரிப்பாரே, அது.

"எலுமிச்சம்பழம் சாதத்துக்குப் போடுங்க. இது ரங்கூன் டவுன். நாலு கட்டடம் தள்ளிக் காய்ச்சல் கேஸ் இருக்கு, தெரியுமில்ல? பொங்கல் கழிச்சு வருவேன். அப்பவும் இப்படித்தான் இருந்துதுன்னா, ஆளுங்க டிரம்மோட வந்து அவங்களே ஊத்திட்டுப் போவாங்க. சுவரு, படுக்கை எல்லாத்திலயும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அவர் ஒருமுறையாவது குனிந்து தரையைப் பார்த்தாரா? கதவிடுக்கில் விரல் விட்டுப் பார்த்தாரா? இல்லை. மூக்கை உயர்த்தி முகர்ந்தார். அவ்வளவுதான் பரீட்சை. சிப்பந்தி காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து வட்டம் போட்டான். அவர்கள் போனபின் பார்த்தால், நான் துடைத்த தரையில் பூட்ஸ் அடையாளம் கதவிலிருந்து கூடத்தின் நடுவரை போய்த் திரும்பியிருந்தது.

2

இந்தத் தையோடு நான் ரங்கூனுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நாகப்பட்டினத்தில் ஸ்டீமர் ஏறும்போது மூத்தவள் ஜானகிக்கு இரண்டு வயது. எங்கள் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து மரக் கம்பெனியில் குமாஸ்தா வேலையில் அமர்ந்துவிட்டார். பெட்டியில் சீயக்காய், பூந்திக்கொட்டை, வசம்பு, வேப்பிலைச் சருகு எல்லாம் அம்மா கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே போய் இதையெல்லாம் தேட முடியாது என்றாள். சீயக்காய் இங்கே கடைத்தெருவில் குவித்து விற்கிறார்கள். பர்மியப் பெண்கள் நம்மைவிட அதிகமாகத் தலைக்குத் தேய்க்கிறார்கள். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

முதல் பொங்கலுக்கு நான் செய்த காரியத்தை இந்தக் கட்டடத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பண்டிகையாயிற்றே, தரை மெழுக வேண்டாமா என்று பால்காரனிடம் சொல்லிச் சாணம் வரவழைத்தேன். வாளியில் நன்றாகக் கரைத்தேன். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நம் ஊர்த் தரையை மெழுகுவதுபோலவே, தாராளமாகத் தண்ணீர் விட்டு மெழுகினேன். இங்கே தரை தேக்குப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையாவிட்டாலும் தண்ணீர் நுழையும். இந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லை. மண் தரையையும் செங்கல் தரையையும் தவிர வேறொன்றின் மேல் நான் அதுவரை நடந்ததே இல்லை.

கீழே கடைக்காரர் வீட்டில் அன்றைக்கென்று அவர் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளை விரிப்பு விரித்து, மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துத் தட்டில் பலகாரம் நீட்டும் நேரம். மாப்பிள்ளையின் பெரிய தகப்பனார் தொப்பியின் மேல் பச்சையாக ஒரு சொட்டு விழுந்ததாம். அண்ணாந்து பார்த்தாராம். அடுத்த சொட்டு மூக்கில்.

கடைக்காரரின் மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுகிறேன். அவர்கள் வழக்கத்தில் அக்காளுக்கு அதுதான் சொல். அன்று அவர் படியேறி வந்து வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அல்லாவே! ஏன் தங்கச்சி, உன் வூட்டைக் கழுவுறியா, எங்க தலையைக் கழுவுறியா?"

நான் அழுதுவிட்டேன். நல்ல வேளையாகச் சம்பந்தம் கூடிவிட்டது. அதனால் ராத்தாவுக்கு என்மேல் கோபம் தங்கவில்லை. "என் நாத்தனா கலியாணத்துக்கு மொத மொத தண்ணி தெளிச்சவ நீதான்" என்று இன்றும் யார் வந்தாலும் சொல்லி என்னை அறிமுகப்படுத்துகிறார்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்காரர் கீழே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வரும்போது கையில் ஒரு கறுப்புப் புட்டி கொண்டுவந்தார். பினாயில். "ஆபீஸ்ல இதுதான். வெள்ளைக்காரர் பங்களாவிலயும் இதுதான். ஒரு மூடி ஊத்தித் துடைச்சா எந்தப் பூச்சியும் அண்டாது" என்றார். அன்றிலிருந்து புட்டி தீரத் தீர அடுத்தது வந்தது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் அவர் மூச்சை ஒரு இழுப்பு இழுப்பார். அந்த வாசனை வந்தால் வீடு ஒழுங்காக நடக்கிறது என்று அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கும்தான். பொய் சொல்வானேன்?

3

எங்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் நான் முதல் பரிசு வாங்கியவள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நோயைக் கொண்டுவருகின்றன என்று கரும்பலகையில் எழுதி எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாத குறை. ஆகவே, 'பழைய வழக்கம், அதனால் நல்லது' என்று நம்பிவிட என்னால் முடியவில்லை. சாணத்தை நினைத்தாலே எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. பினாயிலை நினைத்தாலும் சந்தேகம் வருகிறது. படித்ததில் கண்ட பலன் இரட்டைச் சந்தேகம்தான்.

தம்பி தவழ ஆரம்பித்தது தீபாவளிக்குச் சற்று முன்னால். பெயர் ஒன்று வைத்திருக்கிறோம். ஆனால் எல்லாருக்கும் அவன் தம்பிதான். கூடம் முழுக்க அவன் ராஜ்யம். சில நாட்களில் அவன் முழங்கால் இரண்டும் சிவந்தன. பிறகு உள்ளங்கை. எண்ணெய் தடவினேன். சிவப்பு போகாமல் தோல் உரிந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் பட்டாலே காலை இழுத்துக்கொண்டு வீறிடுவான். அந்தக் கையைத்தானே வாயில் போட்டுச் சப்புகிறான்? ஒருநாள் பால் குடித்ததெல்லாம் கக்கினான். துடைக்கக் குனிந்தபோது அவன் வாயில் அந்தக் கறுப்புப் புட்டியின் வாசனை அடித்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் நல்லவர், ஆனால் வாசலில் கூட்டம். "மழை விட்டு வெயில் வர்ற சமயம். ரங்கூன் காத்து சில குழந்தைங்களுக்கு ஒத்துக்காது" என்று ஒரு களிம்பு கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். ரங்கூன் காற்று. எதிர்வீட்டு டோ சீனின் பேரன் இதே காற்றில்தான் தவழ்கிறான். அவன் முழங்கால் பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறதே என்று கேட்டேன்.

"அவங்க பர்மாக்காரங்க, பழகினவங்க" என்றார்.

"தம்பியும் இங்கேதானே பிறந்தான்?"

அதற்கு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

என் நிலைமையைச் சொல்கிறேன். பினாயிலை நிறுத்தி, குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்துவிட்டால், நிறுத்தியவள் நான். நிறுத்தாமல் அவன் முழங்கால் புண்ணாகிப் புரையோடினால், ஊற்றியவளும் நான். ஊரில் என்றால் கேட்பதற்கு மனிதர்கள் உண்டு. அவர்கள் சொல்வது தப்பாகவே இருக்கட்டும், தப்பு அவர்களுடையதாக இருக்கும். இங்கே எல்லாம் என் தலையில்.

கார்த்திகை பிறந்ததும் புட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

4

வேறு எதனால் துடைப்பது? சொல்கிறேன். யாராவது இப்படி மாடிப்பலகை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால், நான் பட்டதை அவர்கள் பட வேண்டாம்.

முதலில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையால் துடைத்தேன். அழுக்குப் போயிற்று. ஆனால் பலகை வழுக்கியது. ஜானகி இரண்டு முறை விழுந்தாள். எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் புறப்படும்போது ஒரு முறை. "கிருமி வழுக்கி விழுந்து சாகும்னு நெனைச்சியா?" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார். மேலும் அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் என்பது உங்களுக்கே தெரியும். குழந்தை உருளும் இடத்துக்கு அது ஆகாது. சாமான் துலக்க வைத்துக்கொண்டேன்.

பிறகு, கஞ்சித் தண்ணீர் பலகைக்கு மெருகு கொடுக்கும் என்று எங்கோ கேட்ட நினைவில் அதை முயன்றேன். மெருகு வந்தது. மறுநாள் எறும்பும் வந்தது. இரும்புக் கட்டில் காலேறித் தொட்டில்வரை வரிசை கட்டிவிட்டது.

அடுத்தது சாம்பல் தண்ணீர். அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தண்ணீர் ஊற்றி வடித்து எடுத்தேன். அடுக்களைப் பிசுக்குக்கு அதைப்போல் ஒன்றில்லை. ஆசைப்பட்டுக் கெட்டியாக வடித்துவிட்டேன். கூடத்தில் ஒரு மூலையில் தேக்குப் பலகை நரைத்துப்போயிற்று. என் விரல் நுனியெல்லாம் தோல் கழன்றது. சாம்பல்தானே, நம் வீட்டு அடுப்புச் சாம்பல்தானே என்று நினைத்திருந்தேன். புட்டியில் வராத பொருளெல்லாம் சாது என்று எண்ணிவிடாதீர்கள். விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பேசாமல் பரண்மேல் இருக்கும் புட்டியை எடுத்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். தம்பி என் மடிமேல் ஏற முயன்று, முழங்காலை ஊன்றி, வலித்து அழுதான். எடுக்கவில்லை.

கடைசியில் நிலைத்தது மிகவும் சாதாரணமான முறை. டோ சீன் வீட்டில் நாள் முழுக்க வெறுந்தேயிலைத் தண்ணீர் குடிப்பார்கள். அந்தச் சக்கையைப் பிழிந்து தரையில் தூவிப் பெருக்குவார். தூசி பறக்காமல் சக்கையோடு திரண்டு வந்துவிடும். அவரிடம் கேட்டு வாங்கி நானும் அப்படியே பெருக்குகிறேன். பிறகு எலுமிச்சைத் தோலையும் கல்லுப்பையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில். துணியை நன்றாக முறுக்கிப் பிழிந்து துடைக்க வேண்டும். சொட்டக் கூடாது, சொட்டினால் கீழே ராத்தா. உடனே வெறுந்தண்ணீரால் இன்னொரு முறை. ஜன்னலெல்லாம் திறந்து வெயில் விட வேண்டும். பாய், தலையணை வெயிலில். கட்டில் சந்துக்குக் கொதிக்கும் தண்ணீர். அலமாரிக்கு வசம்பு. மலஜலத் துணியைத் தனியாக வேகவைக்க வேண்டும். அதில் சோம்பல் கூடாது.

வேலை இரண்டு பங்கு. பினாயில் என்றால் ஒரு மூடி, ஒரு வாளி, முடிந்தது. இதற்கு என் காலை முழுவதும் போகிறது. ஆனால் மார்கழி நடுவில் ஒருநாள் தம்பியைக் குளிப்பாட்டும்போது அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைத் தட்டி விளையாடினான். நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இது என் துடைப்பத்தால் ஆனதா, டாக்டரின் களிம்பால் ஆனதா, காற்றுத்தான் மாறியதா? சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரரோ சாயங்காலம் வந்ததும் மூச்சை இழுத்துவிட்டு, "வீடே மணக்கலையே" என்பார். ஒவ்வொரு சாயங்காலமும்.

5

வட்டம் போட்டுப்போன அன்று எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரவே கூசினார்.

"கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் இந்தத் தெருவுல இருக்காங்க. பாத்துட்டு என்ன நெனைப்பாங்க? குமாஸ்தா வூட்டுல சுத்தம் கெடையாதுன்னா?"

"தரையைப் பாருங்க. எங்கேயாவது ஒரு பொட்டு அழுக்கு காட்டுங்க."

"அவங்க கேக்கறது அழுக்கில்ல, பினாயில். ஒரு நாள் ஊத்தினா என்ன? தலையா போயிடும்?"

"ஒரு நாள்ல புண்ணாகுதுங்க. ஆறறதுக்கு மாசக்கணக்காகுது."

"டிரம்மைக் கொண்டாந்து படுக்கையில ஊத்தினா மட்டும் ஆறிடுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். பரணிலிருந்து புட்டியை அவரே இறக்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

பொங்கல் பானை பொங்கியபோதும் என் கண் மேஜைமேல்தான். 'பொங்கலோ பொங்கல்' என்று சொல்லச் சொன்னால் ஜானகி, "மலோபூ" என்றாள். பர்மிய மொழியில் 'வேண்டாம்' என்று அர்த்தம். அவளுக்கு இப்போது ஐந்து வயது. பகல் முழுவதும் டோ சீன் வீட்டில் பேரக்குழந்தைகளோடுதான் இருக்கிறாள். நான் வாளியும் துணியுமாக இருக்கும்போது வேறென்ன செய்வது? பசி, தூக்கம், சண்டை எல்லாம் பர்மிய மொழியில். நான் தமிழில் கேட்கிறேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்கிறாள். என்னை 'அமே' என்கிறாள். அம்மா என்று சொல் என்றால், வாத்தியாருக்கு ஒப்பிப்பதுபோல் ஒரு தரம் சொல்லிவிட்டு ஓடுகிறாள். தரையைப் பார்த்த நேரத்தில் பெண்ணைப் பார்க்காமல் விட்டேனோ என்று அது வேறு ஒரு கவலை.

மறுநாள் ராத்தா சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொள்ள வந்தவர், வட்டத்தையும் புட்டியையும் என் முகத்தையும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? அந்த மனுசனுக்கு வேண்டியது வாசம். கொடுத்துட்டுப் போ."

"குழந்தை தவழற இடத்துல எப்படி ராத்தா ஊத்தறது?"

"உள்ளே ஊத்தச் சொன்னேனா? வாசப்படிக்கு வெளியே ஒரு கிண்ணத்துல துணியை நனைச்சு வையி. படியேறும்போதே மூக்கு நெறைஞ்சிடும். அப்புறம் உள்ளே பன்னீரைத் தெளிச்சாலும் அந்தாளுக்குப் பினாயிலாத்தான் தோணும்."

"ஏமாத்தறது ஆகாதா?"

"சாணியைத் தொப்பியில ஊத்துன ஆளு நீ. இதுக்குப் போயி யோசிக்கிறே."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் போனபின் மறுபடியும் யோசனை. நாலு கட்டடம் தள்ளி நிஜமாகவே காய்ச்சல் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நான் என் கெட்டிக்காரத்தனத்தால் குழந்தையைப் பலிகொடுக்கிறேனா? மனம் கேட்காமல் அன்று தரையை மூன்றாம் முறையும் துடைத்தேன். குடிக்கும் தண்ணீரை இரட்டிப்பு நேரம் கொதிக்கவைத்தேன். துணியை மறுபடி வேகவைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு என் முழங்கால் இரண்டும் தம்பியுடையதைப்போல் சிவந்திருந்தன.

6

பொங்கல் கழிந்து, இன்ஸ்பெக்டர் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று கேட்டதும், கிண்ணத்தை வாசற்படிக்கு வெளியே, கதவுக்குப் பின்புற மூலையில் வைத்தேன். தம்பி தாண்டிப்போகாமல் நிலைப்படியில் ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தினேன். புட்டி மூடி இறுகிக் கிடந்து, திறக்கும்போது சட்டென்று சாய்ந்து, என் இரண்டு கையிலும் வழிந்துவிட்டது. கழுவ நேரமில்லை. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் வரும்போதே முகம் மலர்ந்து வந்தார்.

"பாத்தீங்களா? கீழ்ப்படியிலேயே வாசனை தெரியுது. சொன்னா கேக்கறவங்க நீங்க. படிச்ச பொண்ணு வேறே."

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் பலகைக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து ஜானகி எதிர்வீட்டிலிருந்து வந்தாள். எல்லாரும் என்ன பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த மூலையைக் காட்டி, கணீரென்று பர்மியத்தில் சொன்னாள்: "வாசனை அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குள்ளே கிடையாது. அமே தம்பிக்காக உள்ளே ஊற்றவில்லை."



இன்ஸ்பெக்டர் சிப்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா சொல்லுது குழந்தை?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சிப்பந்தி கதவுப் பக்கம் பார்த்தான். பலகைக்கு உள்ளே வெறும் முழங்காலோடு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தான். "அம்மா நிறைய ஊற்றினாள் என்கிறது, சார்" என்றான். தோள்துண்டால் வட்டத்தைத் துடைத்துவிட்டுப் படியிறங்கினான். இன்ஸ்பெக்டர் போகிறபோக்கில், மாதா மாதம் வருவதாகவும், இந்த வீட்டைப் பார்த்து மற்றவர்களும் நடந்துகொள்ளும்படி சொல்லப்போவதாகவும் சொன்னார்.

ஜானகி தமிழில் சொல்லியிருந்தால் அன்று மாலையே டிரம் வந்திருக்கும். அவள் தமிழ் பேசாததற்கு நான் சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான். அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்து அதற்குப்பிறகு எனக்கு மனம் ஆறவில்லை. வீடு சுத்தமாக இருந்தபோது வட்டம் போட்டார்கள். வாசனைக் கிண்ணம் வைத்ததும் அழித்தார்கள். இனி மாதா மாதம் கிண்ணம் வைக்க வேண்டும். இந்தக் கட்டடத்துப் பெண்களெல்லாம் என்னைப் பார்த்து இன்னும் ஒரு மூடி அதிகமாக ஊற்றப்போகிறார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் தவழ்கின்றன.

கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். புளி போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன். வாசனை போகவில்லை. தம்பி பலகையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக, தள்ளாடி எழுந்து நின்றான். நின்றவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் தூக்கவில்லை. இரண்டு கையையும் உடம்பை விட்டு விலக்கி வைத்துக்கொண்டு, "இருடா, இருடா" என்றபடி நின்றேன். அவன் உதடு பிதுங்கியது.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து படியேறி வந்தார். வட்டம் போயிருப்பதைப் பார்த்தார். மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார்.

"அப்பாடா! இப்பத்தான் வூடு வூடா இருக்கு. ஊத்திட்டே இல்ல? அவ்வளவுதானே விஷயம்."

"குழந்தையைத் தூக்குங்க. என் கையெல்லாம் பினாயில்."

குடையைச் சாத்திவிட்டுப் பலகைக்கு மேலாகக் குனிந்து தூக்கினார். தூக்கும்போது அவன் முழங்கால் அவர் உள்ளங்கைக்குள் வந்தது. அவர் அதை ஒருமுறை தடவினார். திருப்பிப் பார்த்தார். மற்றக் காலையும் பார்த்தார்.

"ஆறிடுச்சே."

"ம்."

"எப்போ?"

"வூடு மணக்கலைன்னு நீங்க தெனமும் சொன்னீங்களே, அப்போ."

அவர் கதவுக்குப் பின்னால் திரும்பி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையை இடுப்பில் இன்னும் சற்று மேலே ஏற்றிக்கொண்டு, செருப்புக் காலால் கிண்ணத்தை மெதுவாக, படியின் ஓரம் வரைக்கும் தள்ளி வைத்தார்.